காராகிப்போன உழவு இயந்திரம்

பழைய காரை உழவு இயந்திரமாக்குவதில் முதல் வேலை, அதன் வேகத்தைக் கொல்வது. கார் எஞ்சின் ஓடப் பிறந்தது. கலப்பைக்கு வேண்டியதோ இழுவை. உடலைக் கழற்றி எறிந்து, சட்டகத்தை வெட்டிக் குறுக்கி, இருக்கிற கியர் பொக்ஸுக்குப் பின்னால் இன்னொரு வண்டியின் கியர் பொக்ஸைத் தொடுப்பார்கள். முதலாவது குறைத்த சுழற்சியை இரண்டாவது மறுபடியும் குறைக்கும். வண்டி ஆள் நடையில் ஊரும், இழுவை கூடும். பின் அச்சின் மேல் கல்லோ இரும்போ ஏற்றினால்தான் சக்கரம் மண்ணைப் பிடிக்கும். ரேடியேட்டர்தான் ஓயாத தலைவலி. ஊர்கிற வண்டியின் முகத்தில் காற்று அடிக்காது, தண்ணீர் கொதித்துவிடும்.

அமெரிக்க விவசாயிகள் ஃபோர்டின் மொடல் டி, மொடல் ஏ கார்களை இப்படி வெட்டினார்கள். அங்கே இதற்கு ‘டூடில்பக்’ என்று பெயர். சுவீடனில் 1940இல் சட்டமே இதற்கு இடம் கொடுத்தது. மலிவுச் சாமான் விற்ற ‘ஈப்பா’ கடைகளின் பெயரை ஊரார் இந்த வண்டிக்கு வைத்தது முழுக்கப் புகழ்ச்சி என்று சொல்ல முடியாது. அதன் வாரிசை இன்றும் 15 வயதுப் பிள்ளைகள் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்துக்குள் ஓட்டுகிறார்கள். காரும் உழவு இயந்திரமும் அப்படியொன்றும் தூரத்து உறவு அல்ல. ஃபெர்குசன் டிஇ20இன் எஞ்சினும் ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காரின் எஞ்சினும் ஒரே கம்பனியில் பிறந்த ஒரே குடும்பம்.

இலங்கையின் மன்னாரில் நடந்தது இதன் மறுபக்கம். அங்கே உழவு இயந்திரம்தான் காரானது.

அந்த மாற்றத்தின் நாயகன் லாண்ட்மாஸ்டர். இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் உருவாக்கி, இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் தயாரான இருசக்கர உழவு இயந்திரத்தின் பெயர் அது. பிறகு யப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வேறு இயந்திரங்கள் வந்து இறங்கின. ஊர்வாயில் எல்லாமே லாண்ட்மாஸ்டர்தான். எருமையை இயந்திரமாக்கியதுதான் தாம் செய்த வேலை என்று பின்னாளில் விஜேவர்தன தம்மையே குறைசொல்லிக்கொண்டார். அது கொஞ்சம் கடுமையான தீர்ப்பு. கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே முருங்கன், நானாட்டான் வயல்களில் உழுத அதே இயந்திரம், கலப்பையைக் கழற்றிப் பெட்டியைப் பூட்டியதும் நெல் மூட்டை ஏற்றியது, விறகு ஏற்றியது, நோயாளியை ஏற்றியது, ஆவணியில் குடும்பத்தோடு மடுத் திருவிழாவுக்குப் போனது. பட்டியைக் கழற்றி எஞ்சினை வேறு வேலைக்குத் திருப்பினால் தண்ணீரும் இறைத்தது. எருமை இத்தனையும் செய்ததில்லை.

ஓட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. திரும்ப வேண்டிய பக்கத்துக் கிளச்சைப் பிடித்தால் அந்தச் சக்கரத்துக்குப் போகும் விசை அறும். வண்டி அந்தப் பக்கம் திரும்பும். இறக்கத்தில் இது தலைகீழாகும். பெட்டி பின்னாலிருந்து தள்ளுவதால் விசை அறுந்த சக்கரம் முந்தி ஓடும். வண்டி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். மன்னார் மேடுபள்ளமற்ற தரை என்பதால் பெரும்பாலும் தப்பிக்கலாம். குளக்கட்டிலிருந்து இறங்கும்போதுதான் அனுபவம் இல்லாதவருக்கு வயிறு கலங்கும்.

போர் இந்த இயந்திரத்துக்கும் பழைய கார்களுக்கும் வேறு வேலை கொடுத்தது. மன்னார்த் தீவு இராணுவத்தின் கையிலும், பெருநிலத்தின் பெரும்பகுதி நெடுங்காலம் விடுதலைப் புலிகளின் கையிலும் இருந்தன. பொருளாதாரத் தடையால் புலிகளின் பகுதிகளில் பெற்றோல் அரிதாயிற்று. ஒஸ்டின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே காபரேட்டரில் சொட்டுப் பெற்றோல் விட்டு எழுப்பி, சூடேறியதும் மாற்ற வேண்டும். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்பதால் மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. புதிய கார் இடித்து முனகி நின்றிருக்கும். புகையும் கரியும் அதற்குக் கொடுத்த விலை.

2008இல் சண்டை நெருங்கியபோது அடம்பன், விடத்தல்தீவுப் பக்கத்து மக்கள் கூரைத் தகரத்தையும் மரத்தையும் கழற்றி, உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக் கிழக்கே போனார்கள். வீடே சக்கரத்தில் நகர்ந்த பயணம் அது. பலருடைய இயந்திரங்கள் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் துருப்பிடிக்க நின்றன.

உதிரிப்பாகத்துக்கு இங்கே சாவு கிடையாது. பழைய காரின் அச்சு பெட்டிக்கு அச்சாகும். வில்லுத் தகடு கொல்லனின் உலையில் கத்தியாகும். உப்புக் காற்று தகட்டை அரித்தாலும், எண்ணெயில் ஊறிய பல்சக்கரங்கள் தப்பிவிடும். கழற்றுபவர் முதலில் கை வைப்பது அவற்றில்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய பாகத்தின் மதிப்பு இன்னும் ஏறியது.

கடற்கரையிலும் நாற்சக்கர உழவு இயந்திரம் புகுந்துவிட்டது. முன்பு இரு வரிசை ஆட்கள் தோளால் இழுத்த கரைவலைக் கயிற்றை அதில் பூட்டிய உருளை சுற்றி இழுக்கத் தொடங்கியது. வலையின் சொந்தக்காரரான சம்மாட்டிக்குக் கூலி மிச்சம். இழுத்த கைகளுக்கு வேலை போயிற்று. அடிமணலையும் குஞ்சு மீனையும் வாரிக்கொண்டு வருகிறது என்ற குற்றச்சாட்டும் ஓயவில்லை. பக்கத்திலேயே கரையேற்றிய படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்கள் இன்றும் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது.