ஓடுவதற்கு முன் ஒரு கணக்கு



ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கு வேலை இருக்காது என்று யார் சொன்னது? இந்த மாதம் மட்டும் ஏழெட்டுப் பேர் ஒரே கணக்கைக் கேட்டு போன் செய்துவிட்டார்கள். எல்லோரும் ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான் ஓடப் பெயர் கொடுப்பவர்கள். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: 'எவ்வளவு நேரத்தில் ஓடி முடிப்பீர்கள்?' அந்தக் கட்டத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், இதை ஏன் கேட்கிறார்கள்? ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே கோட்டில் நிற்க முடியாது. அதனால் தடுப்பு கட்டி ஏ, பி, சி என்று பிரித்து, வேகமானவர்களை முன்னால் விட்டு, சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்த பிரிவை அனுப்புவார்கள். இந்த அடைப்பை ஆங்கிலத்தில் 'கொரல்' என்கிறார்கள். நம் ஊர் மாட்டுத்தொழுவுக்கும் அதே சொல்தான்! காலை வழிபாட்டில் உங்களை உயர வரிசையில் நிறுத்துவோமே, நினைவிருக்கிறதா? குட்டையானவனை முன்னால் நிறுத்தியது அவமானப்படுத்த அல்ல, எல்லோருக்கும் மேடை தெரிய வேண்டும் என்பதற்காக. இதுவும் அப்படித்தான்.

பின்னால் நின்றால் நேரம் போய்விடுமே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். போகாது. சட்டையில் குத்தும் எண் அட்டையில் ஒரு சிப் இருக்கும். தொடக்கக் கோட்டில் விரித்திருக்கும் பாயை நீங்கள் மிதிக்கும்போதுதான் உங்கள் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். பரிசுக்காக ஓடுபவர்கள்தான் துப்பாக்கி வெடித்த நேரத்தைப் பார்க்க வேண்டும். நமக்கு அந்தக் கவலை இல்லை.

இனி கணக்கு. அரை மாரத்தான் 21.0975 கி.மீ. 10 கி.மீ.யை 68 நிமிடத்தில் ஓடுகிறவர் இதை எத்தனை நிமிடத்தில் முடிப்பார்? நேர்விகிதத்தில் போட்டால் சுமார் 143 நிமிடம். ஆனால் மனிதக் கால் குழாயடித் தண்ணீர் மாதிரி ஒரே வேகத்தில் வராது, தூரம் கூடினால் வேகம் குறையும். எவ்வளவு குறையும் என்பதற்கு பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் ஒரு சூத்திரம் தந்தார். அவரும் மாரத்தான் ஓடியவர்தான். இரண்டு தூரங்களின் விகிதத்தை 1.06 என்ற அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். அந்த 0.06தான் களைப்பின் பங்கு.

அடுக்குக்குறி என்றதும் கடைசி பெஞ்சில் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. உங்களுக்குச் சுருக்கு வழி: 10 கி.மீ. நேரத்தை 2.2ஆல் பெருக்குங்கள். 5 கி.மீ. நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் 4.6ஆல் பெருக்குங்கள். 68 நிமிடக்காரருக்கு 150 நிமிடம், அதாவது 2 மணி 30 நிமிடம். அவ்வளவுதான்.

இந்தச் சூத்திரத்துக்கு நிபந்தனைகள் உண்டு. நீங்கள் எடுக்கும் நேரம் கடந்த இரண்டு மாதத்துக்குள் முழுமூச்சாக ஓடியதாக இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முந்தைய சாதனை உதவாது. ஒரு தடவையாவது 15, 16 கி.மீ. ஓடிப் பழகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு காட்டுவதைவிட அதிக நேரம் ஆகும். சென்னையில் ஜனவரி விடியலிலும் புழுக்கம் இருக்கும். அதனால் வரும் விடையோடு ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். "சார், 1:50னு போட்டா முன்னாடி நிக்கலாம். போடவா?"

"5 கி.மீ. எவ்வளவு நேரம் தம்பி?"

"27 நிமிஷம் சார்."

27ஐ 4.6ஆல் பெருக்கினால் 124 நிமிடம், 2 மணி 4 நிமிடம். தலைகீழாகவும் சரிபார்க்கச் சொன்னேன். 1:50க்கு 5 கி.மீ.யை 24 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அந்தக் கூட்டம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 13 விநாடியில் ஓடும், இவருடைய கால் 5 நிமிடம் 53 விநாடிக்குத்தான் பழகியது. நாற்பது விநாடி வித்தியாசத்தில் கூட்டம் இழுத்துக்கொண்டு போனால் பாதி தூரத்துக்குமேல் மூச்சு வாங்கும். பின்னால் வருகிறவர்களும் இவரைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். சிரித்துக்கொண்டே 2:05 என்று மாற்றிவிட்டார்.

என்னை யோசிக்க வைத்தவள் என் தங்கை மகள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இரண்டு வருடமாக நாலரை மணிக்கு எழுந்து, வீடு விழிப்பதற்குள் ஓடிவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பவள். 68 நிமிடம் என்றேனே, அது அவளுடைய நேரம்தான். அவள் விண்ணப்பத்தில் எழுதியிருந்தது மூன்றரை மணி நேரம்!

"ஏம்மா இப்படி?" என்றேன்.

"கடைசியில நின்னா யாருக்கும் தொந்தரவு இல்ல மாமா. நான் ஓடுறதெல்லாம் ஒரு ஓட்டமா?"

இந்தக் குரல் எனக்குப் புதிதல்ல. விடை சரியாகத் தெரிந்தும், பென்சிலால் லேசாக ஓரத்தில் எழுதிவைத்து, பேப்பரைக் கையால் மறைத்துக்கொள்ளும் பெண் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். எழுந்து சொல் என்றால் தலை குனிந்துகொள்வார்கள். பக்கத்தில் இருப்பவன் தப்பான விடையைச் சத்தமாகச் சொல்லுவான்.

போனிலேயே அவளைக் கணக்குப் போடச் சொன்னேன். 68ஐ 2.2ஆல் பெருக்கினாள். 149.6 என்றாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இது என்னோட நேரமா மாமா?" என்றாள். பிறகு சொன்னேன்: "கடைசிப் பிரிவில் நடக்கிறவர்கள் கைகோத்து, படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அது அவர்களுடைய சந்தோஷம். நீ அங்கே நின்றால் நூறு பேரைச் சுற்றிச் சுற்றி ஓடுவாய். அவர்களுக்கும் இடைஞ்சல், உனக்கும் தூரம் கூடும். குறைத்து எழுதுவது அடக்கம் இல்லம்மா, அதுவும் தப்பு விடைதான்."

புழுக்கத்துக்கு ஐந்து நிமிடம் சேர்த்து 2:35 என்று திருத்திவிட்டாள். நடுப் பிரிவில் நிற்பாள்.

நானும் ஓடுகிறேன், 66 வயதில். என் 10 கி.மீ. 84 நிமிடம். பெருக்கினால் 3 மணி 5 நிமிடம், புழுக்கத்தோடு 3:10. கடைசிப் பிரிவுதான். அங்கே என் வேகத்துக்குத் துணை நிறைய இருக்கும், கூச்சம் ஒன்றும் இல்லை.

உங்களில் யாராவது பெயர் கொடுத்திருந்தால் உங்கள் 5 கி.மீ. அல்லது 10 கி.மீ. நேரத்தைக் கீழே எழுதுங்கள். விடையை மட்டும் கேட்காதீர்கள். கணக்கை நீங்களே போடுங்கள், நான் திருத்தித் தருகிறேன்.