இந்த வயதில் காலுக்கு ஊசியா?



"இந்த வயசுல உன் காலை யாரு பார்க்கப் போறா? எதுக்கு இந்த ஊசி?" என்று என் அக்கா கேட்டார். இன்னும் சிலரும் கேட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதுகிறேன்.

34 ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவள் நான். முழங்காலுக்குக் கீழே நீலமும் சிவப்புமாகச் சிலந்தி வலை போல் கோடுகள். 'நரம்பு' என்கிறோம், அது நரம்பு அல்ல. அறிவியல் பாடத்தில் தமனி, சிரை என்று படித்தீர்களே, அந்தச் சிரை. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது சிரையிலுள்ள இரத்தம் மேலே ஏறும். அசையாமல் நின்றால் தேங்கும். பரம்பரை, பிரசவம், வயது இவற்றுக்கும் பங்குண்டு. என் அம்மாவுக்கும் இருந்தது.

மருத்துவர் முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, பெரிய சிரைகளில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு மிக மெல்லிய ஊசியால் பாலிடோகனால் என்ற மருந்தைச் சிரைக்குள்ளேயே செலுத்தினார். அது உட்சுவரைப் புண்ணாக்கிச் சிரையை மூடிவிடும். மூடியதை உடம்பே மெல்லக் கரைக்கும். இரத்தம் வேறு நல்ல சிரை வழியே போய்விடும். மயக்க மருந்து இல்லை. எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்றது, அவ்வளவுதான். இறுக்கமான காலுறை போட்டு, உடனே நடக்கச் சொன்னார்கள்.

மறுநாளே மறையாது, வாரங்கள் ஆகும். மறுபடியும் போட வேண்டி வரலாம். சிலருக்குப் பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். வேறு இடத்தில் புதிதாகவும் வரலாம். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் போடமாட்டார்கள். காலில் இரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அக்காவுக்குப் பதில்: மாலையானால் கால் கடுத்தது, எரிந்தது. அதோடு, என் காலைத் தினமும் நான் பார்க்கிறேனே, அது போதாதா?

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அங்கே காத்திருந்தபோது என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். ஜவுளிக்கடையில் பல வருட வேலை. கணுக்கால் தோல் கருத்து, புண்ணே வந்துவிட்டது. "வலிச்சாலும் உட்காரக் கூடாது டீச்சர்" என்றாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவளுக்கு இந்தச் சின்ன ஊசி போதாது. பெரிய சிகிச்சை தேவை.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. நின்றே வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, நாற்காலி கேளுங்கள். நிற்கும்போது குதிகாலை அடிக்கடி உயர்த்தி இறக்குங்கள். கால் வீங்கினாலோ தோல் கருத்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கடை வைத்திருக்கும் மாணவர்களும் உங்களில் உண்டு. நாற்காலி போட்டுவிட்டு எனக்கு ஒரு போன் செய்யுங்கள்.

நலமுடன் வாழ்க.