கயிற்றுக்கு இந்தப் பக்கம்

நியூசிலாந்தில் குளிர்காலச் சனிக்கிழமை என்றால் ரக்பிதான். ஆக்லாந்தில் என் பையன் ஆடும் மைதானத்தை, ஆட்டத்துக்கு முன்னால் அம்மாக்கள் ஒரு சுற்று சுற்றி வருவோம். கண்ணாடிச் சில்லு, கல், நாய் அசிங்கம் எல்லாவற்றையும் பொறுக்கணும். கோடு போடச் சுண்ணாம்பு கூடாது. கண்ணையும் தோலையும் புண்ணாக்கிவிடும். பெயிண்ட்தான் நல்லது. கோல் கம்பங்களுக்கு மெத்தை சுற்றி, பார்ப்பவர்கள் நிற்கக் கயிறும் கட்டிவிடுவோம்.

கயிறு காலைத் தடுக்கும், வாயைத் தடுக்குமா? ஒருநாள் ஒரு அப்பா போட்ட கூச்சலில், நடுவராக நின்ற பள்ளிக்கூடப் பையனுக்கு முகமே வெளுத்துவிட்டது. கத்தியவருடைய மகனோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "இடைவேளைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கணும், கொஞ்சம் பிடியுங்களேன்" என்று ஆரஞ்சுத் தட்டை அவரிடம் நீட்டினேன். எல்லோருக்கும் கொடுத்தவர், நடுவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அப்புறம் சத்தமே இல்லை.

கத்துகிறவருக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்களேன்!