தொப்பூர் இறக்கத்தில் லாரி டயர் வெடித்தால்..?

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் தேசிய நெடுஞ்சாலை 44-ல், பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டினால் தொப்பூர் கணவாய். மலைகளுக்கு நடுவே வளைந்து இறங்கும் சாலை. காரில் போகிறவர்கள் ஜன்னலைத் திறந்து ரசிக்கலாம். பாரம் ஏற்றிய லாரிக்கு அது சோதனையான இடம்.

டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால், வண்டியை இன்ஜின் இழுத்துப் பிடிக்காது. எல்லாம் பிரேக் தலையில்தான். டிரம் கொதித்து, அந்தச் சூடு ரிம் வழியாக டயருக்கும் ஏறும். காற்று குறைந்த டயர் என்றால் கேட்கவே வேண்டாம்!

டீக்கடையில் லாரி நின்றதும் டிரைவர் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிப் பார்ப்பது இதனால்தான். 'டங்' என்றால் சரி. 'தொப்' என்றால் காற்றில்லை. பத்துச் சக்கர லாரியில் பின்னால் எட்டு டயர்கள், இரட்டை இரட்டையாக. உள்பக்க டயர் போனாலும் பக்கத்து டயர் பாரத்தைத் தாங்கும். ஓட்டுபவருக்குத் தெரியாமலே அதுவும் சூடேறும்.

முன் டயர் வெடிப்பதுதான் பயங்கரம். வெடித்த பக்கமே வண்டி இழுக்கும். கால் தானாக பிரேக்கைத் தேடும். அனுபவசாலிகள் முதலில் அந்தக் காலைத்தான் அடக்குகிறார்கள். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, வண்டியை நேராக நிறுத்தி, வேகம் தணிந்த பிறகே ஓரம் கட்டுகிறார்கள். சின்ன கியரில் நிதானமாக இறங்கியவருக்குத்தான் இந்த அவகாசமும் கிடைக்கும்.

பிறகு சக்கரத்துக்குக் கல், பின்னால் எச்சரிக்கை முக்கோணம். அது இல்லாவிட்டால் ஒடித்துப் போட்ட மரக்கிளை. சாலையில் பச்சைக் கிளையைப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்கு அப்பால் யாரோ லாரிக்கு ஜாக்கி போட்டுக்கொண்டிருக்கலாம்.