சிகரெட்டை விட்டவர் சித்தப்பா

சிகரெட்டை அடியோடு விட்டவன் என்று எங்கள் தோட்டத்தில் எனக்கு நல்ல பெயர். நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் அது. கோயில் திருவிழாவில்கூட என்னைக் காட்டிப் பையன்களுக்குப் புத்தி சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அப்போதும் என் சட்டைப்பையில் வேப் இருந்தது, அதில் நிக்கோட்டின் இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் ‘வெறும் வாசனைதான்’ என்றேன். அது பொய். என் அண்ணன் மகன் அந்தப் பொய்யை நம்பினான்.

அந்த வாசனை எனக்கு உதவியது என்பதையும் மறைக்க மாட்டேன். அப்பா விடியற்காலை ரப்பர் பால்வெட்டில் கொசுவை விரட்டவென்று சிகரெட் பற்றவைத்தவர். நான் குலை லாரியோடு மில் வாசலில் காத்துக் கிடக்கும் நேரத்தில் பழகிக்கொண்டேன். தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் கிராம்பு மணக்கும் கிரேத்தேக் பிடிப்பார்கள். பல்வலிக்குக் கிராம்பு வைக்கிறோமே, அதிலுள்ள யூஜெனால்தான் தொண்டையையும் மரத்துப்போகச் செய்து புகையை இதமாக இறக்குகிறது. வாசனை சேர்த்துப் புகைப்பது எங்களுக்குப் புதிதில்லை.

சுகாதாரக் கிளினிக்கில் கொடுத்த நிக்கோட்டின் சுவிங்கம் எனக்கு ஒத்துவரவில்லை. கைக்கு வேலை இல்லாமல் தவித்தேன். மாம்பழ ஐஸ் வாசனையில் வேப் பிடிக்கத் தொடங்கிய சில வாரங்களில், நண்பர் நீட்டிய சிகரெட்டைக் கொளுத்திப் பார்த்தேன். ஈரச் சாம்பலை நக்கியதுபோல் இருந்தது. அதன்பிறகு நான் சிகரெட்டைத் தொடவில்லை. வேப்பிலும் புகையிலைச் சுவைதான் கிடைத்திருந்தால் அந்த வாரமே சிகரெட்டுக்குத் திரும்பியிருப்பேன்.

இங்கிலாந்தில் பீட்டர் ஹாயெக் குழுவினர் 886 பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், வேப் பிடித்தவர்களில் 18 விழுக்காட்டினர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். சுவிங்கம், ஒட்டுப் பட்டை போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களில் 9.9 விழுக்காட்டினர். வேப்காரர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுவார்கள், நானும் காட்டியிருக்கிறேன். அதே ஆய்வின் இன்னொரு கணக்கை நான் சொன்னதில்லை: வேப்பின் துணையில் சிகரெட்டை விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் வேப்பை விடவில்லை. மற்றக் குழுவில் தங்கள் மாற்றுப்பொருளை விடாதவர்கள் 9 விழுக்காடுதான். நான் அந்த 80இல் ஒருவன்.

ஒரு சிகரெட் எரிந்து தீர்ந்தால் கை தானாக நிற்கும். வேப்பில் அப்படி ஓர் இடமே கிடையாது. நிக்கோட்டினை பென்சாயிக் அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கிவிடுவதால் காரம் தெரிவதில்லை. மேலே இனிப்பும் குளிர்ச்சியும் வேறு. போதும் என்று தொண்டை சொல்லவேயில்லை. நடுராத்திரியில் எழுந்து தலையணைக்கடியில் தேடியிருக்கிறேன். சிகரெட் பிடித்த காலத்தில்கூட அப்படித் தேடியதில்லை.

அண்ணன் மகனுக்கு அப்போது 14 வயது. ஒருநாள் மாலை லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவன் பள்ளிச் சட்டையில் மாம்பழம் மணத்தது. என் பாட்டிலின் மணம். சட்டென்று தெரிந்துவிட்டது. வீட்டுவரை நான் வாய் திறக்கவில்லை, அவனும் திறக்கவில்லை. அண்ணியிடம் சொன்னால் ‘அதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து மாதக்கணக்கில் மௌனமாக இருந்தேன். என் நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன், பிள்ளையைக் காப்பாற்றவில்லை.

சட்டமே தடுக்கவில்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வேப் திரவத்துக்கு மில்லிலிட்டருக்கு 40 சென் வரி போடுவதற்காக, 2023 மார்ச் 31 அன்று திரவ நிக்கோட்டினை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 852ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1இல் நடப்புக்கு வரும்வரை, பிள்ளைகளுக்கு அதை விற்பதைத் தடுக்க வயது வரம்பே இல்லை. எங்கள் ரெம்பாவ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கைரி ஜமாலுடின், சுகாதார அமைச்சராக 2022இல் கொண்டுவந்த மசோதா, 2007 முதல் பிறந்தவர்களுக்கு சிகரெட்டையும் வேப்பையும் விற்கவே கூடாது என்றது. எங்கள் பையனும் அதில் அடங்குவான். 2023இல் அந்தப் பகுதியை நீக்கிவிட்டுத்தான் 852ஆம் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் சாப்பாட்டு மேசையில் பாட்டிலை வைத்தவன் நான்.

2017க்கும் 2022க்கும் இடையில் நம் நாட்டுப் பதின்ம வயதினரில் சிகரெட் பிடிப்பவர்கள் 13.8 விழுக்காட்டிலிருந்து 6.2க்கு இறங்கினார்கள். வேப் பிடிப்பவர்களோ 9.8இலிருந்து 14.9க்கு ஏறினார்கள். விடுவதற்குச் சிகரெட்டே இல்லாத பிள்ளைகளுக்கு மாம்பழம் எதற்கு? 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் எல்லா வாசனைகளையும் தடை செய்யச் சொன்னது. என்னைப் போல் விடத் துடிக்கும் ஆளுக்கு, கிளினிக்கின் கண்காணிப்பில், அளவு குறைந்துகொண்டே வரும்படி கொடுக்கலாம் என்பது என் எண்ணம். மிட்டாய்ப் படம் போட்டுக் கடையில் அடுக்க வேண்டியதில்லை.

கடைசியில் அண்ணியையும் பையனையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். ‘அப்போ நீங்க விடவே இல்லையா சித்தப்பா?’ என்றுதான் அவன் முதலில் கேட்டான். இல்லை என்றேன். அண்ணி பல நாள் என்னோடு பேசவில்லை. அவர் பேசாதது நியாயம். பிறகு அவனும் நானும் சேர்ந்தே புகைநிறுத்தக் கிளினிக்குக்குப் போகத் தொடங்கினோம். அவன் விட்டுவிட்டான். நான் வாசனையில்லாத, நிக்கோட்டின் குறைந்த திரவத்துக்கு வந்திருக்கிறேன், இன்னும் விடவில்லை. தோட்டத்தில் யாராவது கேட்டால் இப்போது அதைத்தான் சொல்கிறேன்.