கபத்திற் காணாத கிருமி

என் சிறிய தந்தையார் க்ஷயரோகத்தினின்று குணமடைந்து நான்காண்டுகள் கழிந்தபின், மீண்டும் இருமலும் இளைப்புந் தோன்றிக் கபத்தில் இரத்தமுங் காணப்பட்டது. கபத்தைச் சோதித்ததில் க்ஷயக்கிருமி தென்படவில்லை. ஆயினும் பழைய நோயே திரும்பிற்றென வைத்தியர் கருதி, முன்னைய மருந்துகளையே ஆறு திங்கள் அளித்தார். பயன் யாதும் உண்டாகவில்லை. பின்னர் வேறோரிடத்தில் மார்பைப் படம்பிடித்து இரத்தத்தையுஞ் சோதித்தபொழுதுதான், அது ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் செயலென வெளியாயிற்று.

இச்செய்தி கேட்டு யான் நாணமுற்றேன். அப்பூஞ்சையின் உருவை நம் கலாசாலைப் பரிசோதனைச் சாலையில் வரைந்து ஆசிரியரின் பாராட்டைப் பெற்றவன் யான். தேவாலயத்தில் தீர்த்தந் தெளிக்குங் கருவியை ஒத்திருத்தலின், 1729-இல் தாவர நூற்புலவர் மிக்கேலி அதற்கு அப்பெயரிட்டார் என்பதும் எனக்கு மனப்பாடம். அது மனிதர் நெஞ்சிற் குடிபுகும் என்பதை மட்டும் எண்ணினேனில்லை.

அதன் நுண்வித்துக்களை நாம் நாடோறுஞ் சுவாசிக்கின்றோம். நலமுள்ள சுவாசப்பை அவற்றை அகற்றிவிடும். க்ஷயரோகம் குடைந்துசென்ற குழியிலோ அவை வேரூன்றுகின்றன. உகாண்டா நாட்டுக் குலு நகரில் க்ஷயத்திற்குச் சிகிச்சை பெற்ற 398 பேரை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, குழி எஞ்சியவருள் நூற்றுக்கு 26 பேரிடம் இந்நோய் இருந்தது; குழியில்லாதவருள் நூற்றுக்கு ஒருவரினுங் குறைவே.

பூஞ்சைக்குரிய மருந்தால் சிறிய தந்தையார் ஒருவாறு தேறினார். வீணான ஆறு திங்களோ மீளவில்லை. இருமல் ஒன்றாயினும் காரணம் ஒன்றன்று. கபத்திற் கிருமி காணாதவிடத்து, 'வேறு யாதாயிருக்கலாம்?' என வினவுதல் வைத்தியர்க்கு மட்டுமன்று, கற்ற சுற்றத்தார்க்குங் கடனாம். அன்று யான் வினவாதிருந்தேன். இதனைப் படிப்போரேனும் வினவுவாராக.