பத்து லட்சத்துக்கு ஒன்று குறைவு

நெசவைப் பார்க்கப் போனால் தறியடியில் நின்று நெய்பவரின் கையைப் பார்க்கலாம். மென்பொருள்காரரின் கையைப் பார்த்துப் பயனில்லை; எல்லோர் விரலும் ஒரே மாதிரி கீபோர்டில்தான் ஓடுகிறது. அவருடைய பட்டறை வேறிடத்தில் இருக்கிறது. எந்த வரியை யார், எந்தத் தேதியில், என்ன காரணம் சொல்லிச் சேர்த்தார் என்று கிட் என்ற கருவி எழுதிவைக்கும் வரலாறுதான் அது. ஒரு வரி யாருடையது என்று கேட்கும் கட்டளைக்கு 'பிளேம்', அதாவது பழி, என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தொழிலின் குணம் பெயரிலேயே தெரிகிறது. ஓப்பன் சோர்ஸ் என்றால் இந்தப் பட்டறைக்குள் யாரும் போகலாம். அங்கே நான் தேடிப் பார்த்தவை துணுக்குகள்: பத்து வரிக்குள் ஒரு சில்லறை வேலையை முடிப்பவை, ஒருவர் எழுதி ஆயிரம் பேர் காப்பி அடித்தவை. காப்பி அடிப்பதை இந்தத் தொழிலின் இழுக்காகப் பேசுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. எடுத்த இடத்தைக் குறித்துவைக்காமல் எடுப்பதுதான் இழுக்கு. ஏனென்றால் வரி ஊர் ஊராகப் போய்ச் சேருகிறது. அதற்குப் பின்னால் வரும் திருத்தம் போய்ச் சேருவதில்லை.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2010-இல் எழுதப்பட்ட ஒரு ஜாவா துணுக்கைப் பாருங்கள். ஃபைலின் அளவைப் பைட் கணக்கில் கொடுத்தால் கேபி, எம்பி என்று மனிதர் படிக்கும்படி மாற்றித் தரும். லூப் போட்டு ஆயிரத்தால் வகுத்துக்கொண்டே போக வேண்டிய இடத்தில் மடக்கை எடுத்து ஒரே அடியில் அலகைக் கண்டுபிடித்துவிடும். அந்தச் சாமர்த்தியத்துக்காகவே பலருக்கும் பிடித்துப்போனது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்தத் தளத்திலிருந்து அதிகம் காப்பியான ஜாவா துணுக்கு இதுதான் என்று காட்டியது. ஆயிரக்கணக்கான ஃபைல்களில் அது உட்கார்ந்திருந்தது. 2019-இல் அதை எழுதியவரே திரும்பிப் பார்த்துத் தப்பு இருக்கிறது என்று பகிரங்கமாகச் சொன்னார். 999999 பைட் கொடுத்துப் பாருங்கள், பத்து லட்சத்துக்கு ஒன்று குறைவு. ஆயிரத்தை அடியாகக் கொண்ட மடக்கை இரண்டுக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும். தசமத்தை வெட்டினால் ஒன்று. ஆகவே அலகு கேபி. பிறகு 999.999 என்ற எண்ணை ஒரு தசமத்துக்கு முழுமையாக்கினால் 1000.0. திரையில் '1.0 எம்பி' வர வேண்டிய இடத்தில் '1000.0 கேபி' வந்து நிற்கும். அலகை முடிவு செய்தது முதலில், எண்ணை முழுமையாக்கியது பிறகு. வரிசை மாறியதுதான் கோளாறு. யாரும் சாகவில்லை, பணமும் போகவில்லை. ஆனால் எழுதியவர் தன் பதிலைத் திருத்தினார்; காப்பிகளை யார் திருத்துவது? அந்தத் தளத்தின் உரிமப்படி எடுத்தவர் மூலத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். பெரும்பாலான காப்பிகளில் அந்தக் குறிப்பு இல்லை. குறிப்பு இருந்திருந்தால் பராமரிப்பவர் ஒரு தேடலில் போய்ப் பார்த்துத் திருத்திக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் அரைகுறையாகத் தெரிந்தவர்களின் கதை, தேர்ந்தவர் கை வைத்தால் இப்படி ஆகாது என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்கள் பைனரி சர்ச்சின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். வரிசைப்படுத்திய பட்டியலை நடுவில் பிளந்து பிளந்து தேடும் முறை அது. ஜான் பென்ட்லி 1986-இல் வெளியான தம் புத்தகத்தில் அதை எடுத்துக்கொண்டு, சரிதான் என்று வாதிட்டும் காட்டினார். அவர் வகுப்பில் கேட்ட ஜோஷுவா பிளாக் ஜாவாவின் நூலகத்துக்காக அதை எழுதினார். 2006-இல் பிளாக்கே அறிவித்தார்: இரண்டும் தப்பு. கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கும் அந்த ஒரு வரியில், கூட்டுத்தொகை 2147483647-ஐத் தாண்டினால் எண் மைனஸாகிவிடும். பட்டியலில் நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால்தான் இது வெளியே தெரியும். 1986-இல் அவ்வளவு பெரிய பட்டியலைத் தாங்கும் நினைவகம் யாரிடம் இருந்தது? ஆக வரி எழுதப்பட்ட காலத்தின் ஓர் அனுமானம் வரிக்குள் சொல்லாமலே உட்கார்ந்திருந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. இது நூலகத்தில் இருந்தது. அங்கே ஒரு முறை திருத்தினார்கள். புதிய ஜாவாவுக்கு மாறிய எல்லோருக்கும் திருத்தம் தானாகப் போய்ச் சேர்ந்தது.

அனுமானம் காலத்தில் மட்டுமல்ல, மொழியிலும் ஒளிந்திருக்கும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன? சி மொழியின் நீளம் சொல்லும் ஃபங்ஷன், யுடிஎஃப்-8 வடிவில் கொடுத்தால், 15 என்கும். பைத்தான் 3 ஐந்து என்கும். மூன்று என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். சொல்லைத் தலைகீழாக்கும் புகழ்பெற்ற ஒற்றை வரித் துணுக்கைத் 'தமிழ்' மேல் ஓட்டினால், தொற்ற இடமில்லாத ஒரு புள்ளி முன்னால் வந்து, பின்னால் 'ழிமத' என்று கிடக்கும். மகரத்தின் கொக்கி ழகரத்துக்குத் தாவிவிட்டது. எழுதியவர் குற்றவாளி அல்ல, அவர் ஊரில் ஓர் எழுத்து ஒரு குறி. தமிழ் எழுத்தாகவே பிரித்துத் தர 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. அது இருப்பது தெரியாமல் ஒற்றை வரியைக் காப்பி அடிப்பவர்கள்தான் அதிகம்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் நூலகம்தானா, லெஃப்ட்-பேட் மறந்துபோயிற்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016 மார்ச்சில், சொல்லின் இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை அதன் ஆசிரியர் பெயர்த் தகராறில் திரும்பப் பெற்றார். அதை நேரடியாகவோ சுற்றி வளைத்தோ நம்பியிருந்த எத்தனையோ மென்பொருள்களின் பில்ட் உலகெங்கும் நின்றது. பதினோரு வரிக்கு இன்னொருவரை நம்புவது கேலிக்குரியதுதான். ஆனால் அந்தக் கோளாறு உரக்கக் கத்தியது, சில மணி நேரத்தில் தொகுப்பைத் திரும்ப வைத்தார்கள், திரும்பப் பெறும் விதியும் பிறகு கடுமையானது. காப்பியில் வந்த கோளாறு கத்துவதில்லை. இரண்டில் ஒன்று என்றால் கத்துவதையே நான் தேர்ந்தெடுப்பேன். பதினோரு வரியைக் காப்பியே அடித்துக்கொள்ளட்டும். தலையில் எங்கிருந்து, எப்போது, எங்கே உடையும் என்று ஒரு கமெண்ட் இருந்தால் போதும்.

கமெண்ட் பொய் சொல்லும், கோட் மாறும்போது அது மாறாது என்பது இத்தொழிலில் பழைய முணுமுணுப்பு. கோட் என்ன செய்கிறது என்று சொல்லும் கமெண்டுக்கு அது பொருந்தும். எங்கிருந்து வந்தது என்பது மாறக்கூடியதல்ல. டெட்லைன் நெருக்குகிறது என்பார்கள். ஒரு முகவரியை ஒட்ட எத்தனை வினாடி ஆகும்? மிச்சமிருக்கும் ஆட்சேபம்தான் கனமானது. இப்போது துணுக்கை ஏஐ எழுதித் தருகிறது. எங்கிருந்து என்று கேட்டால் நம்பத்தக்க பதில் வராது. முகவரி எழுத வழியில்லாத இடத்தில் எங்கே உடையும் என்பதையாவது எழுதியாக வேண்டும். அதற்கு ஒருவர் உட்கார்ந்து 999999-ஐயும் 'தமிழ்' என்ற சொல்லையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். டிக்கெட்டை எத்தனை வேகமாக மூடினார் என்று கணக்கு வைக்கும் அலுவலகங்களில் அந்த அரை மணி நேரத்துக்கு இன்னும் கட்டம் இல்லை.